ஊக்கம் சுரக்குமிடம்

திருக்குறட் பொருட்பாலில் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. அதனையடுத்து மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என மூன்று அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆக நாற்பது குறட்பாக்கள். தமிழ் பயின்றோர் எவரும் இந்நாற்பதில் ஒன்றிரண்டையேனும் மனப்பாடமாகச் சொல்லுவர். மேடையேறிப் பேசுவோர்க்கு இவை கைம்முதல் போன்றவை. மருந்து என்னும் அதிகாரமோ 95ஆவது. இவ்விரு இடங்களுக்குமிடையே 31 அதிகாரங்கள் உள்ளன. வகுப்பறையிலும் இவற்றை வெவ்வேறு நாளில், சில வேளை வெவ்வேறு பருவத்தில், நடத்துகின்றோம். ஊக்கம் உள்ளத்தைச் சார்ந்தது, மருந்து உடலைச் சார்ந்தது என்னும் பாகுபாடு எவ்வித ஐயமுமின்றி மாணவியர் நெஞ்சில் பதிந்துவிடுகிறது. அப்பாகுபாடு செல்லாத நோயொன்றைப் பற்றி இம்மலரில் எழுத விழைகின்றோம். தமிழ்த்துறை மலரில் நோயைப் பற்றிய கட்டுரையா எனச் சிலர் வினவக்கூடும். 'சோம்பேறி' என்பது தமிழ்ச்சொல். அச்சொல் யார்மீது எறியப்படுகிறது என ஆராய்வது தமிழாசிரியர் கடமையுள் அடங்கும் என்பதே நம் விடை.

இன்னொன்றையும் இங்கே சுட்டுதல் தகும். ஊக்கமும் மடியின்மையும் அரசியல் என்னும் இயலில் வைக்கப்பெற்றவை. ஆளும் பொறுப்புடைய ஒருவனை நோக்கிக் கூறப்பட்டவை. அவனுக்கு உடல்நலம் உண்டு, ஏவலர் உண்டு. அவன் சோம்பினால் குடி கெடும். அவனுக்கெனச் சொன்ன அறிவுரையை எடுத்து, குருதியில் ஒரு சுரப்பு குறைந்தமையால் படுக்கையினின்று எழவியலாத பதினெட்டு வயதுப் பெண்ணிடம் சொல்லுவது இடமறியாமல் மேற்கோள் ஆளும் குற்றமாகும். மருந்து அதிகாரத்தையோ பல பதிப்புகள் நட்பியலின் இறுதியில் வைத்து அச்சிட்டுள்ளன. அவ்வைப்புமுறைக்கு எக்காரணம் கூறப்படினும், நோயுற்றோரைப் பற்றிய பேச்சு நட்பைப் பற்றிய பேச்சின் பக்கத்தில் நிற்பது நமக்கு உவப்பாகவே இருக்கிறது.

சொல்லும் சுரப்பியும்

1905ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் உடலியல் அறிஞர் 'ஹார்மோன்' என்ற சொல்லை முதன்முதல் வழங்கினார். கிரேக்க வினைச்சொல் ஒன்றினின்று பிறந்த அச்சொல்லுக்குத் தூண்டுதல், கிளர்ந்தெழச் செய்தல் என்பன பொருள். கிரேக்கப் புலவர் ஒருவரே அவ்வினைச்சொல்லை எடுத்துக் கொடுத்தார் என்பர். மொழித்துறையார் மருத்துவத்துறைக்குச் செய்த உதவிகளுள் இதுவுமொன்று. தமிழில் இதனை இயக்குநீர் என்றும் வளரூக்கி என்றும் எழுதி வந்துள்ளனர். ஊக்குதல் என்னும் வினை இங்கும் வந்து நிற்பதைக் காண்க. சொல்லாக்கம் செய்தோர் கருதிச் செய்தனரோ இல்லையோ, உண்மை அச்சொல்லுக்குள் அமைந்துவிட்டது. ஊக்கத்தின் ஒரு பகுதி உடலில் சுரக்கிறது.

அது சுரக்கும் இடங்களுள் ஒன்று கழுத்தின் முன்புறத்தே உள்ளது. குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழலைத் தழுவியபடி, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்று அமைந்த சுரப்பி. எடை ஏறத்தாழ 20 கிராம். 1656ஆம் ஆண்டில் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குத் தைராய்டு எனப் பெயரிட்டார். கேடயச் சுரப்பி என்னும் தமிழ்ப்பெயர் அதன் நேர் ஆக்கம். மக்கள் வழக்கிலோ 'எனக்குத் தைராய்டு இருக்கிறது' என்று சுரப்பியின் பெயராலேயே நோயையும் சுட்டுகின்றனர். தைராய்டு எல்லார்க்கும் இருக்கிறது. சிலருக்கு அதன் சுரப்பு குறைகிறது, சிலருக்கு மிகுகிறது. அவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். நாம் இங்குப் பேசுவது சுரப்புக்குறையைப் பற்றி மட்டுமே.

உணவில் சேரும் அயோடினைக் கொண்டு இச்சுரப்பி தைராக்சின் என்னும் ஊக்குநீரை ஆக்குகிறது. உடலின் உயிரணுக்கள் எவ்வளவு விரைவாகத் தொழில் புரிய வேண்டும் என்பதை வரையறுப்பதில் தைராக்சினுக்குப் பெரும் பங்குண்டு. அது குறைந்தால் எல்லாமே மெதுவாகும். இதயம் மெல்லத் துடிக்கும், குடல் மெல்ல அசையும், மலச்சிக்கல் தோன்றும். தோல் வறளும், முடி உதிரும், பிறர் விசிறி தேடும் பொழுதில் இவருக்குக் குளிரும். குரல் கரகரக்கும். மாதவிலக்கில் உதிரப்போக்கு மிகலாம். நினைவு தடுமாறும். காரணமின்றி மனம் சோரும். எவ்வளவு உறங்கினும் உறங்கியதாகவே தோன்றாது. இப்பட்டியலை மருத்துவ நூலென்று கூறாமல் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். இது யாரைப் பற்றியது என்று கேளுங்கள். 'ஒரு சோம்பேறியைப் பற்றியது' என்றே பலரும் விடையிறுப்பர்.

இந்நோயை உறுதிசெய்யும் குருதிச் சோதனையிலும் ஒரு முரண் தோன்றும். பலர் அதில் குழம்புகின்றனர். மூளையின் அடிப்புறத்தே பட்டாணியளவில் தொங்கும் பிட்யூட்டரி என்னும் சுரப்பி டி.எஸ்.எச். என்ற மற்றோர் ஊக்குநீரை அனுப்பித் தைராய்டை வேலை வாங்குகிறது. வகுப்பு அமைதியாகப் படிக்கும்போது ஆசிரியர் குரலை உயர்த்துவதில்லை. கவனம் குறையக் குறையத்தான் குரல் உயரும். அதுபோலத் தைராய்டின் சுரப்பு குறையக் குறைய டி.எஸ்.எச். அளவு உயரும். ஆகவே அறிக்கையில் எண் கூடியிருப்பின் சுரப்பு குறைந்துள்ளது என்பது பொருள். 'எனக்குத் தைராய்டு அதிகம்' என்று அவ்வெண்ணைக் கண்டு சொல்லுவோர், தம் நோய்க்கு நேர் எதிரான நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகின்றனர்.

இது அரிய நோயன்று. சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நிகழ்த்திப் பெற்ற முடிவுகள் 2013ஆம் ஆண்டில் வெளியாயின. ஆராயப்பெற்ற வயதுவந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குச் சுரப்புக்குறை இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பன்மடங்கு மிகுதி. முற்காலத்தே அயோடின் பற்றாக்குறையே நம் நாட்டின் கவலையாயிருந்தது. 1962ஆம் ஆண்டிலேயே கழுத்துக்கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்று, அயோடின் சேர்த்த உப்பு பரவியது. இன்று நகர்ப்புறங்களில் பெரும்பாலும் காணப்படுவது வேறு வகை. 1912ஆம் ஆண்டில் ஹகாரு ஹஷிமோட்டோ என்னும் ஜப்பானிய மருத்துவர் விவரித்த நிலை அது. உடலின் காவற்படை தன் சுரப்பியையே பகையெனக் கருதி அழிப்பதே அதன் இயல்பென்பது 1956ஆம் ஆண்டில் புலனாயிற்று. நோயுற்றவர் உண்டதனாலோ உறங்கியதனாலோ வந்ததன்று என்பதை அறிய இஃதொன்றே போதும்.

மாத்திரையும் மனமும்

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர், முதற்பருவத்தில் துறையில் முதலிடம் பெற்றவர். மூன்றாம் பருவத்தில் வகுப்பில் கண்ணயர்ந்தார். வருகைப்பதிவு குறைந்தது. யாப்பிலக்கணத்தில் அசை பிரிப்பதில் கைதேர்ந்திருந்தவர், நேர் எது நிரை எது எனத் தடுமாறினார். துறைக்கு வந்த அவருடைய அன்னை, "எல்லாம் சோம்பல்தான் அம்மா, கைப்பேசியை வைத்துக்கொண்டு படுத்தே கிடக்கிறாள். நீங்கள் நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி சொல்லுங்கள்" என்றார். மகள் தலைகுனிந்து நின்றார். மறுத்துப் பேசவில்லை. அன்னை கூறியதை அவரே நம்பிவிட்டார் என்பது அம்முகத்தில் தெரிந்தது. மேமாதத்து வெயிலில் அவர் கைகளை இழுத்துப் போர்த்தி நின்றதைக் கண்டு, மருத்துவரிடம் காட்டுங்கள் என்று மட்டும் கூறினோம். டி.எஸ்.எச். அளவு இயல்பான உயர்வரம்பினும் பத்து மடங்குக்கு மேல் இருந்தது. நமக்கு இது தெரிந்தமைக்குக் காரணம் நம் மருத்துவ அறிவன்று. இதனை எழுதும் நாமும் பன்னிரண்டு ஆண்டுகளாக இம்மாத்திரையை உட்கொண்டு வருகின்றோம்.

அந்நாட்களில் அம்மாணவி ஊக்கம் பெறுவதற்காகத் தன்னம்பிக்கை உரைகளை நாள்தோறும் கைப்பேசியில் கேட்டு வந்தாராம். அவற்றை நாமும் கேட்டிருக்கின்றோம். கல்லூரிகள்தோறும் தன்முன்னேற்றப் பயிலரங்குகள் நடைபெறுகின்றன. பேச்சாளர் வருகிறார்; முடியும் என்று மும்முறை சொல்லச் சொல்கிறார்; கைதட்டல் எழுகிறது. நலமாயுள்ள மாணவிக்கு அதனால் தீங்கில்லை, ஓரிரு நாள் கிளர்ச்சி உண்டாகும். சுரப்பு குறைந்தவர்க்கோ அது துன்பத்தை இரட்டிப்பாக்குகிறது. எண்ணம் திடமாயிருந்தால் எல்லாம் முடியும் என்று கேட்டுவிட்டு மறுநாட் காலை எழவியலாத பெண், தன் எண்ணம் திடமற்றது என்றே முடிவுகட்டுகிறார். நோயோடு குற்றவுணர்வும் சேர்கிறது. இவ்வுரைகளில் நமக்குள்ள வழக்கு இதுவே: எரிபொருள் இருக்கிறதா என்று நோக்காமல் ஓட்டுநரைக் கடிந்துகொள்கின்றன.

1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்னும் இளம் மருத்துவர் செய்தது எவ்வளவு எளிய செயல் என்பதைப் பார்த்தால் வியப்புண்டாகும். நாற்பத்தாறு வயதான ஒரு பெண்மணி, பேச்சும் நடையும் தளர்ந்து, அயலாரைக் காணவும் விருப்பமற்றவராய் அவரிடம் வந்தார். செம்மறியாட்டின் தைராய்டுச் சுரப்பியினின்று வடித்த சாற்றை மரே அவருக்கு ஊசி வழியே செலுத்தினார். சில மாதங்களில் அப்பெண்மணி தேறினார். அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் காலமானார். அத்தனை ஆண்டும் அவருக்கு வேண்டிய மருந்தை ஆக்க 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டதாக மரே பின்னர்க் கணக்கிட்டுக் கூறினார். 1914ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்டு கெண்டால் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஹாரிங்டன் அதனைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார். இன்று லெவோதைராக்சின் என்னும் பெயரால் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் சிறிய வெண்ணிற மாத்திரையின் வரலாறு இது. அந்த நியூகாசில் பெண்மணியிடம் யாரும் மனவுறுதியைப் பற்றிச் சொற்பொழிவாற்றியிருந்தால் அவர் எத்தனை நாள் வாழ்ந்திருப்பார் என்பதை வாசகர் எண்ணிக்கொள்ளலாம்.

மாத்திரை கிடைத்துவிட்டது, இனி மனத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. ஆனால் அது பேச்சாளர் கூறும் வேலையன்று. தலைவலி மாத்திரையை விழுங்கினால் அரைமணியில் வலி தணிகிறது. அடுத்த முறையும் நாமே தேடிச் செல்கின்றோம். இம்மாத்திரை அத்தகையதன்று. தைராக்சின் குருதியினின்று பாதியளவு நீங்கவே ஏறத்தாழ ஏழு நாளாகும். ஆதலின் இன்று உட்கொண்டதன் பயன் இன்று தெரியாது. இன்று விட்டதன் தீங்கும் இன்று தெரியாது. அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங் கழித்தே குருதிச் சோதனை செய்து பார்க்கச் சொல்வர். மூன்று நாள் தவறவிட்டவர் நான்காம் நாளும் நன்றாகவே இருக்கிறார். 'இது இல்லாமலும் இருக்க முடிகிறதே' என்று எண்ணுகிறார். இரண்டு மாதத்தில் மீண்டும் படுக்கையில் விழும்போது, தாம் மாத்திரையை விட்டதும் இப்போது விழுந்ததும் தொடர்புடையன என்றே அவர்க்குத் தோன்றுவதில்லை. சோதனையில் எண் சரியாக வந்தவுடன் 'குணமாகிவிட்டது' என்று நிறுத்துவோரும் பலர். எண் சரியாக வந்ததே மாத்திரையால்தான்.

பயனும் தண்டனையும் உடனடியாக வாராத ஒரு செயலை வாழ்நாள் முழுதும் செய்துவர, பொங்கியெழும் உணர்ச்சி துணைசெய்யாது. வழக்கமே துணைசெய்யும். பல் விளக்குவதற்கு எவரும் தன்னம்பிக்கை உரை கேட்பதில்லை. மாத்திரையையும் அந்நிலைக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். இதற்கு வீட்டின் காலைப்பொழுதை அறிதல் இன்றியமையாதது. இம்மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை எதுவும் உண்ணாமலிருக்க வேண்டும். காப்பி கூட அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். எழுந்தவுடன் அடுப்பைப் பற்றவைத்து வீட்டார் அனைவர்க்கும் தேநீர் கலந்து, அதில் ஒரு குவளையைத் தாமும் நின்றபடியே குடித்துப் பழகிய பெண்ணுக்கு இது சிறிய கட்டளையன்று. மருத்துவர் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறார். கடைப்பிடிப்பது வீட்டின் அன்றாட ஒழுங்கையே அசைத்துப் பார்க்கிறது.

நம் வழி எளியது. மாத்திரைக் குப்பியும் ஒரு குவளைத் தண்ணீரும் இரவே தலைமாட்டில் இருக்கும். சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தவுடன் மாத்திரை. பின்னர் ஒளூச் செய்து தொழுது, சிறிது ஓதி, அடுப்பைப் பற்றவைத்துப் பால் பொங்கும்போது முக்கால் மணி கடந்திருக்கும். இடைவேளைக்கெனத் தனியாகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. நம்மோடு பணியாற்றும் தோழியர் ஒருவர், இதே நோயுடையவர், வாசல் தெளித்துக் கோலமிடச் செல்லுமுன் மாத்திரையை உட்கொள்கிறார். பெரிய கோலமாயிருந்தால் அன்றைக்கு வசதி மிகுதி என்று நகைப்பார். ஏற்கெனவே வேரூன்றிய ஒரு செயலில் புதிய செயலைக் கொண்டுபோய்க் கட்டிவிடுவதே இதன் நுட்பம். எப்போதேனும் மறந்துபோவதும் உண்டு. அந்நாளில் 'எல்லாம் கெட்டது' என்று கைவிடுவோர்க்குத் தைராக்சினின் அந்த மெதுவான இயல்பே ஆறுதல் தரும். ஒருநாட் பிழையை உடல் பொறுத்துக்கொள்ளும். மறுநாள் தொடர்ந்தால் போதும்.

உடல் எடையைப் பற்றி ஒன்று கூறி மேற்செல்வோம். சுரப்புக்குறையால் நேரடியாகக் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கும் உப்பும் நீருமே. ஆயினும் பெண்கள் மாத்திரை தொடங்கிய வாரமே எடைக்கருவியில் ஏறி நிற்கின்றனர். முள் இறங்காவிடில் மருந்தையே வெறுக்கின்றனர். மெலிய வேண்டி மருத்துவர் கூறியதற்கு மேல் மாத்திரையைக் கூட்டிக்கொள்வோரும் உளர். இது தீங்கானது, இதயத்துடிப்பு தாறுமாறாகும், நாளடைவில் எலும்பும் தேயும். தேறுகிறோமா என்று அறிய வேறு அளவுகோல்கள் உள்ளன. மாடிப்படியை நில்லாமல் ஏற முடிகிறதா? ஒரு பக்கத்தைப் படித்து முடித்தபின் அதில் என்ன இருந்தது என்று சொல்ல முடிகிறதா? அம்மாணவி நேரையும் நிரையையும் மீண்டும் பிரித்த நாளில் அவருடைய எடை என்னவென்று நாம் கேட்கவில்லை.

மறைக்கப்படும் குப்பி

இவ்வளவும் தம் வீட்டில் இயலக்கூடியவை. திருமணப் பேச்சு தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. இதனைச் சற்று விரித்தே எழுத வேண்டியுள்ளது. பெண் பார்க்க வருவோர் வீட்டுக்குள் நுழையுமுன் மாத்திரைக் குப்பி அலமாரியின் பின்புறம் செல்கிறது. சமயம், சாதி, ஊர் என்னும் வேறுபாடு இதில் இல்லை. எல்லா வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. 'மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிய வேண்டா' என்று அன்னையர் அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. இந்நோயின் பெயர் கேட்டே பின்வாங்கிய குடும்பங்களை நாம் அறிவோம். அதே வீட்டுப் பையனுக்கு நீரிழிவு இருப்பின் அது பேச்சிலேயே வருவதில்லை.

மறைத்ததன் விளைவு என்னவெனில், நிக்காஹோ திருமணமோ முடிந்து புகுந்த வீடு செல்லும் பெண், அங்கே காலையில் யார் கண்ணிலும் படாமல் மாத்திரை விழுங்க வேண்டியவராகிறார். புதுமணப்பெண் எழுந்தவுடன் தேநீரை மறுத்து ஒருமணி நேரம் ஏன் காத்திருக்கிறாள் என்று மாமியார் கேட்டால் விடையில்லை. சில நாள் தவறுகிறது. பின்னர் பல நாள். குப்பி தீர்ந்தால் புதிது வாங்கிவர ஆளில்லை. இவ்வாறு மருந்து நின்றுபோகும் மாதங்கள், பெரும்பாலும் அவர் கருவுறும் மாதங்களாகவே அமைந்துவிடுகின்றன. கருவிலுள்ள குழந்தையின் தைராய்டு முதல் மூன்று திங்கள் அளவும் தானே போதிய அளவு சுரப்பதில்லை. தாயின் சுரப்பையே அது நம்பியிருக்கிறது. அதன் மூளை உருவாகும் காலமும் அதுவே. கருவுற்றால் மருந்தின் அளவைக் குறைப்பதன்று, பலருக்குக் கூட்டவே நேரும். அப்படியிருக்க அடியோடு நிறுத்துதல் கருச்சிதைவுக்கும் குறைப்பேற்றுக்கும் குழந்தையின் அறிவுவளர்ச்சிக் குறைவுக்கும் வழி வகுக்கக்கூடும். மருந்தை ஒழுங்காக உட்கொண்டு அளவைச் சரியாக வைத்திருக்கும் பெண்கள் நலமான குழந்தைகளைப் பெற்று வளர்க்கின்றனர் என்பது மருத்துவர் அனைவரும் அறிந்த செய்தி. ஆக, இடர் நோயிலிருந்து வருவதைவிட மறைத்தலிலிருந்தே மிகுதியாக வருகிறது.

இதன் பொருட்டு நம் கருத்தைத் தெளிவாகவே கூறுகின்றோம். பேச்சு உறுதியாகுமுன் இரு வீட்டாரும் சொல்லிக்கொள்ளத்தக்க செய்தி இது. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, ஆண்டுக்கு ஓரிரு சோதனை. இதற்கே பின்வாங்கும் குடும்பம், பின்னால் வரவிருக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் எவ்வாறு துணைநிற்கும்? அத்தகையோர் முன்னரே விலகிச் செல்வது பெண்ணுக்கு இழப்பன்று. இப்படி எழுதுவது எளிது, மகளை வைத்துக்கொண்டு செய்வது அரிது என்று வாசகருள் அன்னையாயிருப்போர் கூறலாம். அரிதுதான். ஆயினும் அவ்வரிய செயலைச் செய்த இரண்டு அன்னையரை நாம் அறிவோம். இருவர் மகள்களும் இன்று தாய்மாராக உள்ளனர். அவ்விருவரின் மாத்திரைக் குப்பியும் புகுந்த வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் ஊறுகாய்ச் சாடியின் பக்கத்தில் நிற்கிறது. ஒருவர் வீட்டில் மாமியாரே மறவாமல் நினைவூட்டுகிறார்.

எல்லாச் சோர்வையும் இந்நோயின் கணக்கில் எழுதிவிடுவதும் தவறு. மாத்திரை ஒழுங்காகச் சென்று, சோதனை எண்ணும் சரியாயிருந்து, பின்னும் தளர்ச்சி நீடிப்பின் வேறு காரணம் தேட வேண்டும். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குக் குருதிச்சோகை உள்ளது. சுரப்புக்குறையும் சோகையும் ஒருவரிடமே கூடியிருத்தல் வியப்பன்று. அப்படியுள்ளோர் இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் ஒருசேர விழுங்கிவிடலாகாது. இரும்பு மற்றதனை உறிஞ்சவிடாது. இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் இதே விதி. மனச்சோர்வும் தனியே ஒரு நோயாக இருக்கலாம். அதற்கும் மருத்துவர் உளர். முட்டைக்கோசைத் தொடலாகாது, கொத்தமல்லி விதை நீர் குடித்தால் மாத்திரை வேண்டா என்றெல்லாம் வரும் செய்திகளுக்கு இங்கு இடம் ஒதுக்க விரும்பவில்லை. சமைத்த கோசை அளவாக உண்போர்க்குத் தீங்கில்லை. கொத்தமல்லி இரசத்துக்கு நல்லது.

மருந்து உடலைச் சரிசெய்தபின், எஞ்சி நிற்கும் உண்மையான சோம்பல் எதுவென்று நோயுற்றவர்க்கே தெரியும். நமக்கும் அது உண்டு. விடைத்தாள் திருத்தும் நாளில் மட்டும் வரும் களைப்பு தைராய்டினால் வருவதன்று. அதற்கு வள்ளுவரின் அந்நாற்பது குறட்பாக்களும் முற்றும் பொருந்தும். வரிசைதான் முக்கியம். முதலில் மருந்து, பின்னர் ஊக்கவுரை.

மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கென வகுத்தபோது நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து உதவுபவரையும் வள்ளுவர் சேர்த்து எண்ணினார். இன்றைய மருத்துவமனைச் சீட்டில் முதல் மூன்றுக்கும் இடமுண்டு, நான்காமவர்க்கு இல்லை. கல்லூரியில் அந்நான்காமவர் யார்? வகுப்பாசிரியரும் விடுதிக் காப்பாளரும் அறைத்தோழியருமே. பெரிய திட்டம் எதனையும் நாம் வேண்டவில்லை. எல்லா மாணவியர்க்கும் குருதிச் சோதனை செய்க என்றும் கூறவில்லை. நன்கு பயின்றவர் திடீரெனச் சரிந்தால், வருகைக் குறைவுக்கு விளக்கக் கடிதம் கேட்குமுன் குளிர்கிறதா, முடி உதிர்கிறதா, மாதவிலக்கில் மாற்றமுண்டா என்று தனியே அழைத்துக் கேட்கலாம். கேட்பவர் பெண்ணாசிரியராக இருத்தல் நலம். சோதனைக்குச் செல்லும் காலைப்பொழுதுக்கு வருகை வழங்கலாம்.

நம் விடுதியில் ரமலான் மாதத்தில் இன்னொரு சிக்கலும் எழுகிறது. சஹருக்கு எழுப்பும் மணி ஒலித்ததும் மாணவியர் நேரே உணவுக்கூடத்துக்கு விரைகின்றனர். மாத்திரைக்குப்பின் காத்திருக்க நேரமில்லை. நோன்பு திறந்தவுடன் உட்கொள்ளலாமென்றால் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் முன்னே நிற்கின்றன. ஆகவே அம்மாதம் முழுதும் மாத்திரையையே விட்டுவிடுவோர் உளர். சஹர் உணவுக்கு முக்கால் மணி முன்னரே எழுந்து உட்கொள்வது ஒரு வழி. இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரமேனும் கழித்து, உறங்கப் போகும்போது உட்கொள்வது மற்றொன்று. யாருக்கு எது பொருந்தும் என்பதை அவரவர் மருத்துவர் கூறுவார். அதற்கு ஷஃபான் மாதத்திலேயே சென்று கேட்டு வருதல் வேண்டும். விடுதியில் இம்மாத்திரை உட்கொள்வோர் யார் யாரெனக் காப்பாளர் அறிந்து வைத்திருந்தால், அவர்கள் அறைக்கு மட்டும் முக்கால் மணி முன்னதாக ஒருமுறை கதவைத் தட்டச் சொல்லலாம். சென்ற ரமலானில் ஓர் அறைத்தோழி இதனைத் தானே ஏற்றுக்கொண்டு முப்பது நாளும் செய்தார். அவர் வணிகவியல் மாணவி.